மூன்றின் கீழ் ஏழு

என் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அதைப் போட்ட டாக்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர் அன்றைக்குக் கத்தி வைக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் கோபமெல்லாம் ஒரு கடிதத்தின் மேல்தான். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு வெளிநாடு போய், அங்கே படுக்கையில் விழுந்து, பிழைத்து வந்து பணம் கேட்ட என்னைப் பார்த்து, "முன்பே இருந்த நோயை மறைத்துப் பயணம் செய்திருக்கிறீர்கள்" என்று எழுதிய கடிதம் அது. அந்த ஒரு வரியோடு ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். சூட்கேஸ் கட்டிக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவட்டும்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. கம்ப்யூட்டரில் ஓடுகிற மூன்று சிஎன்சி மெஷின், ஒரு பழைய லேத். பெரிய கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், பின் மாதிரி மெஷின் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். மெஷின் பக்கமெல்லாம் என் வீட்டுக்காரர் சீனிவாசன். இன்ஸ்பெக்‌ஷன் மேஜை என்னுடையது. கடைந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் டிராயிங்கோடு ஒப்பிட்டு அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மைக்ரோமீட்டர் பிடித்து இருபது வருஷம் ஆகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவோம், லோடு ஏற்ற வருகிறவர்களோடு கன்னடம், கணக்கு எழுதுவது தமிழில், டிராயிங் படிப்பது இங்கிலீஷில். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணையும் எழுத்தையும் சரியாகப் படிக்கத் தெரியாத பொம்பளை என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது.

சிறு பட்டறைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஆகஸ்ட் மாதம் மலேசியா போனோம். கோலாலம்பூரில் ஒரு மெஷின் கண்காட்சி. ஏழு நாள் பயணம். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். டிக்கெட் போட்ட டிராவல்ஸ்காரரே காப்பீடும் எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணும் ஆகாது மேடம், சும்மா ஒரு பேப்பர்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். நானும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு பின்னுக்கு வருகிற டிராயிங்கைக்கூட நாலு தடவை படிக்கிறவள், என் உயிருக்கு வந்த பேப்பரை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். செவ்வாய்க்கிழமை மாலை தொப்புளைச் சுற்றி ஒரு வலி. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் இல்லாத ஊரில் வெந்நீர் குடித்தேன். புதன்கிழமை வலி கீழே இறங்கி வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை கண்காட்சியில் ஒரு ஜெர்மன் மெஷின் முன்னால் எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நாளன்னைக்கு ஊருக்குப் போயிடுவோம், அங்க பாத்துக்கலாம்" என்று நானேதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை வாந்தி வந்தது. லிஃப்டிலிருந்து வாசல் வரை நடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் போட்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வயதான ஒரு சீன டாக்டரம்மா வந்தார். வலது பக்கம் வயிற்றை மெதுவாக அழுத்தினார், வலித்தது. அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தார், உயிர் போனது. அழுத்தும்போது வருவதைவிட விடும்போது அதிகமாக வலித்தால், வயிற்றின் உட்பக்கச் சவ்வு வரை சீழ் பரவியிருக்கலாம் என்று அர்த்தமாம். இது பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை நாளாக வலி?" என் இங்கிலீஷ் அந்த வேதனையில் எங்கோ போய்விட்டது. மூன்று விரலைக் காட்டினேன். பக்கத்திலிருந்த நர்ஸ் தமிழில் கேட்டாள்: "மூணு நாளா அக்கா?" தலையாட்டினேன். டாக்டரம்மா தாளில் எழுதிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் எங்காவது கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் கூடும். எனக்கு ரொம்பவே கூடியிருந்தது. பிறகு சிடி ஸ்கேன். குடல்வால் வெடித்துவிட்டது. பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சுண்டுவிரல் அளவுக்குத் தொங்குகிற ஒன்று அது. அடைத்துக்கொண்டு வீங்கினால் வெட்டி எடுத்துவிடுவார்கள், இரண்டு நாளில் வீடு. வெடித்துவிட்டால் கதையே வேறு. உள்ளே இருந்த அழுக்கெல்லாம் வயிறு முழுக்கப் பரவும். சின்ன ஓட்டை போட்டு முடிக்கலாம் என்று ஆரம்பித்து, முடியாமல் வயிற்றைத் திறந்து, கழுவி, சீழ் வடிவதற்கு ஒரு குழாயும் வைத்துத் தைத்தார்கள்.

நான் உள்ளே இருந்தபோது வீட்டுக்காரர் பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். இது முக்கியம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கிளெய்ம் எண் வாங்கி எழுதி வைக்க வேண்டும். யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். பின்னால் எனக்குக் கிடைத்த முதல் ஆயுதம் அதுதான். "பணம் நாங்கள் தருவோம் என்ற உறுதிக் கடிதம் ஆஸ்பத்திரிக்கு மாலைக்குள் போய்விடும்" என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்களாம். ஆஸ்பத்திரி அதுவரைக்கும் முன்பணம் கேட்டது. கூட வந்த பட்டறைக்காரர்கள் லாபியிலேயே நின்று அவரவர் கார்டைத் தேய்த்தார்கள். சனிக்கிழமை அவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே தங்கிவிட்டோம்.

ஒன்பது நாள். முதல் நாலு நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எல்லாம் கையில் குத்திய ஊசி வழியாகத்தான். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போவார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து "சாப்ட்டேன்" என்பார். நான் பட்டினி கிடக்கும்போது அவருக்கு இறங்கவில்லை. ஒருநாள் சீப்பை எடுத்துக்கொண்டு என் தலைமாட்டில் வந்து நின்றார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் என் தலைமுடியை அவர் தொட்டு வாரியதில்லை. சிக்கு எடுக்கத் தெரியாமல் இழுத்து இழுத்து வாரினார்.

"ஏங்க, வயித்த விட இது வலிக்குது" என்றேன்.

"கொஞ்சம் பொறு. பக்கத்து பெட்டு அம்மா முன்னாடி என் மானம் போவுது, பறட்டையா இருக்கற."

முதல் நாள் என்னிடம் தமிழில் கேட்ட அந்த நர்ஸ் பெயர் கோமளா. முப்பது வயதிருக்கும். அவள் பேசுகிற தமிழ் வேறு மாதிரி, பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' வந்து விழும். வயிற்றுக் குழாயில் வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நல்லா இருக்கு லா அக்கா, நேத்து மாதிரி இல்ல" என்பாள். டாக்டரம்மா சொல்கிற ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிப் புரியவைத்துவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போவாள். வாயில் சாப்பிடலாம் என்று சொன்ன அன்று, அவள் அம்மா வைத்த கஞ்சியை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். உப்பு போட்ட வெறும் கஞ்சி. அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன்பு சாப்பிட்டதில்லை.

இந்த மாதிரி முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் பணம் கட்டி வாங்கிய பேப்பர் என்ன செய்துகொண்டிருந்தது? ஐந்தாம் நாள் "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். ஆறாம் நாள், ஏழாம் நாள் அதே வார்த்தை. எட்டாம் நாள், "நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியாது, நீங்கள் கட்டிவிட்டு ஊருக்கு வந்து கிளெய்ம் செய்யுங்கள்" என்றார்கள். காரணம் கேட்டதற்கு, "அது டாகுமெண்ட் பாத்ததுக்கு அப்புறம் தெரியும் சார்" என்று பதில். ஏழு லட்சத்துக்கு மேல் பில். கட்டாமல் விடமாட்டார்கள். புது மெஷினுக்கு முன்பணமாக வைத்திருந்ததை எங்கள் மகள் திவ்யா பெங்களூரிலிருந்து மாற்றி அனுப்பினாள். போதாமல் போனதற்கு என் வளையல்கள் போயின. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. வளையல் திரும்பி வரும். எட்டு நாள் நம்ப வைத்துவிட்டு, வயிற்றில் குழாயோடு படுத்திருக்கிறவளைக் கைவிட்ட துணிச்சலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து இரண்டாம் நாளே கிளெய்ம் பேப்பர்களோடு உட்கார்ந்தேன். குனிய முடியாது, தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிளெய்ம் படிவம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் நாள் டாக்டர் எழுதிய குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு செலவும் தனித்தனியாகப் பிரித்துப் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, விமானத்தின் போர்டிங் பாஸ், போன தேதியும் வந்த தேதியும் முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கங்கள், கேன்சல் செய்த செக். அசலைக் கேட்டார்கள், கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் ஒன்றைக்கூட 'இது வேண்டாத பேப்பர்' என்று தூக்கிப் போடாதீர்கள். என்னைக் காப்பாற்றியது ஒரு வேண்டாத பேப்பர்தான்.

பிறகு போன். அந்தப் பக்கத்தில் ஹிந்தியா, இங்கிலீஷா என்று ஒரு மெஷின் குரல் கேட்கும். தமிழுக்கு ஒரு எண் சொல்லும். அதை அழுத்தினால் பாட்டு ஓடும், பத்து நிமிஷத்தில் துண்டிக்கும். இங்கிலீஷை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் புது ஆள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி வரவில்லை என்று மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அனுப்பினேன், மூன்று தடவையும் 'கிடைத்தது' என்று மெயில் வந்தது. நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. முன்பே இருந்த நோயை மறைத்தது பாலிசி விதிகளுக்கு முரண், ஆகவே நிராகரிக்கப்படுகிறது, என்று.

பட்டறையில் எங்கள் சரக்கை ஒரு கம்பெனி வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், கூடவே ஒரு சீட்டு வரும். எந்த உருப்படி, எந்த அளவு, எவ்வளவு இருக்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். இருபது பைசா லாபம் வருகிற ஒரு பின்னுக்கே அந்த மரியாதை உண்டு. எனக்கு அதுகூட இல்லை. எந்த நோய்? எப்போதிருந்து? யார் சொன்னது? ஒன்றும் கிடையாது. 'மறைத்தீர்கள்', அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். அப்புறம், "போதும் விடு பத்மா. உயிரோட வந்தியே, அது போதும்" என்றார்.

"பணம் குடுக்கலன்னா விட்ருவேங்க. நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கான். அத எப்படி விடறது?"

திவ்யாவை உட்கார வைத்து ஒரு மெயில் எழுதினோம். எந்த ஆவணத்தின் எந்த வரியைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், எழுத்தில் சொல்லுங்கள் என்று. பதில் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே மெயிலை மறுபடி அனுப்பினேன். நிராகரித்தால் நீங்களும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆறாவது தடவை பதில் வந்தது: 'முதல் மருத்துவக் குறிப்பின்படி நோயாளிக்கு 3/7 முதல் வயிற்று வலி இருந்துள்ளது. பாலிசி ஆகஸ்டில்தான் தொடங்குகிறது.'

மூன்று, ஏழு. ஜூலை மூன்றாம் தேதி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜூலையில் எனக்குத் தலைவலிகூடக் கிடையாது. பட்டறையில் ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். ஜூலை மூன்றாம் தேதி நானூறு ஷாஃப்ட் அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஷாஃப்ட் அளந்தவளுக்கு வயிறு வலிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாதே. ஸ்கேன் செய்து வைத்திருந்த முதல் குறிப்பை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கையெழுத்து. 'வயிற்று வலி 3/7' என்றுதான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. வலியில் நான் ஏதாவது உளறிவிட்டேனா?

அடுத்த வார்த்தையைப் பார்த்தேன். 'வாந்தி 1/7.' வாந்தி ஜூலை ஒன்றிலிருந்தா? வலி வருவதற்கு இரண்டு நாள் முன்பே வாந்தியா? நான் வாந்தி எடுத்தது அன்று காலை, அந்த ஒரு நாள்தான். எல்லாப் பக்கங்களையும் மேஜையில் பரப்பினேன். மாத்திரைச் சீட்டு: '5/7', ஐந்தின் கீழ் ஏழு. அந்த மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பின்குத்தியிருந்த துண்டுச் சீட்டு, மறுபடி எப்போது வர வேண்டும் என்று எழுதியது: '2/52'.

ஐம்பத்திரண்டாம் மாதம் எந்தக் காலண்டரில் இருக்கிறது?

கோமளாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, இது தேதி இல்ல லா. நாங்க இங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம். கீழ ஏழு போட்டா நாளு. வாரத்துக்கு ஏழு நாள் இல்லையா? கீழ ஐம்பத்திரண்டு போட்டா வாரம். பன்னிரண்டு போட்டா மாசம். மூணின் கீழ ஏழுன்னா மூணு நாளு. நீங்க மூணு விரல் காட்டினீங்களே, நான்தானே கேட்டேன்?"

அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. மேஜையில் தலை வைத்து அழுதேன். மைக்ரோமீட்டர் பிடிக்கிற எனக்குத் தெரியும், எந்த எண்ணும் தனியாக நிற்காது. மில்லிமீட்டரா இஞ்சா என்று பார்க்காமல் படித்தால் மொத்த சரக்கும் குப்பை. ஒரு மனுஷியின் வயிற்றைப் பற்றி எழுதிய எண்ணை அப்படி ஒருவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு 'மறைத்தீர்கள்' என்றும் எழுதியிருக்கிறார்.

கோமளா தன் லீவு நாளில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ஆபீசுக்குப் போய், என் ஒப்புதல் கடிதத்தைக் கொடுத்து, டாக்டரம்மாவிடம் ஒரு சான்று வாங்கினாள். 'இந்தக் குறி மூன்று நாட்களைக் குறிக்கும். நோயாளிக்கு வலி தொடங்கியது பயணத்தின்போது' என்று முத்திரையோடு. அதை அனுப்பினேன். இனி தீர்ந்தது என்று நினைத்தேன். பதினெட்டு நாளில் பதில் வந்தது. முதலில் வந்த அதே கடிதம்தான். என் பெயரில் முதல் தடவை விட்டிருந்த எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. நான் அனுப்பிய சான்றை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றைக்கு வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தைப் பார்த்தேன். விடு விடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "இனிமே நீ விட்டாலும் நான் உடமாட்டேன்" என்றார்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் திவ்யாதான் படித்துக் கண்டுபிடித்தாள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், கம்பெனிகளுக்கு வெளியே இருந்து தீர்ப்புச் சொல்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நமக்குத் தெரிந்த வார்த்தையில் எழுதலாம். குறைதீர் அதிகாரி பதிலே போடவில்லை. நான் குறைதீர்ப்பாளருக்குப் புகார் எழுதினேன். இரண்டு பக்கம். கூடவே அந்தத் துண்டுச் சீட்டின் நகல்.

விசாரணை வீடியோவில் நடந்தது. பட்டறை ஆபீஸ் அறையில் மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். திரையில் குறைதீர்ப்பாளர், எதிர்ப்பக்கம் கம்பெனியின் அதிகாரி ஒருவர், அவர்களுடைய டாக்டர் ஒருவர். டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் முதலில் பேசினார். மருத்துவக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது, ஜூலையிலிருந்து வலி, என்றார். என் முறை வந்தது. துண்டுச் சீட்டை கேமராவுக்கு நேராகப் பிடித்தேன்.

"டாக்டர், இதுவும் அதே ஆஸ்பத்திரி சீட்டு. இதுல மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கு. ரெண்டின் கீழ ஐம்பத்திரண்டு. அப்படின்னா எப்ப வரணும்?"

அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "ரெண்டு வாரத்துல."

"ஐம்பத்திரண்டாம் மாசம் ரெண்டாம் தேதி இல்லீங்களா?"

"இல்லம்மா. அது வாரம்."

"அப்ப அதே கையெழுத்துல மூணின் கீழ ஏழுன்னு எழுதியிருக்காங்களே. அது என்னாங்க?"

அவர் தன் மைக்கை அணைத்துவிட்டார். திரையில் அவரும் அந்த அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவது தெரிந்தது, சத்தம் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவருக்கு அந்தக் குறி தெரியாமல் இல்லை. இரண்டு வாரம் என்று யோசிக்காமல் சொன்னாரே. என் குறிப்பை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். யாரோ படித்தது, யாரோ பட்டனை அழுத்தியது, அவர் கையெழுத்து மட்டும். தெரியாமல் செய்த தப்பு என்றால் மன்னித்திருப்பேன். பார்க்காமலே செய்ததை என்னவென்று சொல்வது?

முழுத் தொகையையும் வட்டியோடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பணமும் வந்தது. கூடவே ஒரு படிவம் வந்தது: 'எனக்கு முழுத் திருப்தி, இனி எந்தக் குறையும் இல்லை' என்று கையெழுத்துப் போட. நான் போடவில்லை. என் பெயருக்கு நேராக உங்கள் கம்ப்யூட்டரில் 'நோயை மறைத்தவர்' என்று இருக்கிறதே, அதை எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், போடுகிறேன், என்று பதில் எழுதினேன். நாளைக்கு நான் வேறு எந்தப் பாலிசிக்குப் போனாலும் அந்த வார்த்தை எனக்கு முன்னால் போய் நிற்கும் அல்லவா? இரண்டு மாதம் கழித்து ஒரு வரி மெயில்: 'தங்கள் பதிவு திருத்தப்பட்டது.' அனுப்பியவர் பெயர் இல்லை. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் இல்லை.

இந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து சலீம் பாய் வந்தார். எங்களுக்குத் தெரிந்தவர்தான், மாங்கூழ் கம்பெனிகளுக்கு டிரம் சப்ளை செய்கிறார், அந்தக் கம்பெனிகளின் மெஷின்களுக்கு நாங்கள் ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறோம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவருடைய அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்பு வளைகுடாவில் இருக்கிற சின்ன மகனைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கூட்டி வந்திருக்கிறார்கள். கிளெய்ம் நிராகரிப்பு. காரணம், ரத்தக் கொதிப்பு இருந்ததை மறைத்தார்கள்.

"தண்ணியில வழுக்கி விழுந்ததுக்கும் பிபிக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றார். "அம்மா மாத்திர சாப்ட்டாங்க, நெசம். ஆனா பாலிசி போட்டப்ப யாரும் கேக்கவே இல்ல. டிராவல்ஸ்காரரே எல்லாத்துலயும் 'இல்ல'ன்னு டிக் அடிச்சிருக்காரு. பாருங்க."

பார்த்தேன். அந்தப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்தே இல்லை. என்னுடைய பாலிசியையும் அப்படித்தான் போட்டார்கள் என்பது ஞாபகம் வந்தது. எனக்கு எந்த நோயும் இல்லாததால் அந்த 'இல்லை' தற்செயலாக உண்மையாகிவிட்டது. நீங்கள் பாலிசி எடுக்கும்போது அந்தக் கேள்விகளை நீங்களே படித்து, நீங்களே பதில் எழுதுங்கள். இருக்கிற மாத்திரையைச் சொல்லுங்கள். தொகை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகியிருந்தன. குறைதீர்ப்பாளரிடம் போகிற காலம் கடந்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு, கிருஷ்ணகிரியிலேயே போடலாம், என்று சொன்னேன்.

"ஏன் பாய் இத்தன நாள் விட்டீங்க?"

"பெரிய கம்பெனி, தெரிஞ்சுதான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்." கவரை மடித்து மேஜை மேல் வைத்தார். "அம்மா இந்த ரம்ஜானுக்கு முன்னாடி மௌத் ஆயிட்டாங்கக்கா, ஊர்லயே அடக்கம் பண்ணோம். படுக்கையில இருந்தப்பகூட கேட்டாங்க, 'நான் என்னத்தடா மறச்சேன்?'ன்னு."

நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தேன். எவ்வளவு கேட்டுப் புகார் எழுதுவது என்று கேட்டேன்.

"பணத்த அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல அந்த வார்த்தய எடுக்கச் சொல்லி எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மனுவின் முதல் வரி இப்படித் தொடங்குகிறது: 'என் அம்மா எதையும் மறைக்கவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.'